ஏழாம் பெட்டியின் கதவு

1

"இந்தப் பெட்டிக்கு மட்டும் யாரு கதவு வெட்டுனது?"

மேடம் கேட்ட இந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. பள்ளிக்கூடத்திலும் எனக்கு இப்படித்தான். விடை தெரியும், வாய் திறக்காது. ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். சொல்லாத பதில்களை நோட்டில் எழுதித் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைக்கிறேன். இது எட்டாவது நோட்டு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நகரின் நடுவே மாபெரும் கலைக்கூடம் ஒன்று கம்பீரமாக எழுந்து'

(அடித்துவிட்டேன். அது இன்னும் எழவில்லை. மேசைமேல் முழங்கை உயரத்துக்கு அட்டையாக நிற்கிறது.)

கட்டடத்தை வரைபவர் மேடம். அதை அட்டையில் வெட்டி ஒட்டுவது நான். கலைக்கூடத்துக்கு ஜன்னல், படி எல்லாம் உண்டு. சுற்றியுள்ள வீடு, கடைகளெல்லாம் வெறும் வெள்ளைப் பெட்டிகள். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். பிசகும் அதில்தான். பெட்டிக்கு முகம் எது, முதுகு எது? பின்னால் உள்ள சந்துப் பக்கம் யாரும் இல்லை என்று நினைத்து, மேடம் அங்கே மூன்று மாடி உயரத்துக்கு மொட்டைச் சுவர் வைத்துவிட்டார்.

அந்தச் சந்தில் ஏழாவது பெட்டி என் அம்மாவின் தையல் கடை. எதிரே, கலைக்கூடம் வரப்போகும் காலிமனை வெளிச்சத்தில்தான் அம்மா ஊசி கோக்கிறாள்.

3

அம்மாவிடம் சொன்னேன்.

"படம் மாட்ட செவுரு வேணுந்தான். அதுக்கு என் வெளிச்சம்தானா கெடச்சுது? போய்ச் சொல்லேன்டி."

"பயமா இருக்கும்மா."

"உனக்கு வாய் வெச்சதே சோறு திங்க மட்டுந்தான்."

மறுநாள் காலை, அலுவலகத்துக்கு யாரும் வருவதற்குள், ஏழாம் பெட்டியில் நகத்தளவு கதவு ஒன்றை வெட்டினேன்.

4

முதல் பிரதியில் மேடத்தைக் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். கதைக்கு அது வசதி. உண்மையில் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, என் பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். இரண்டாவது பிரதியில் நான் நகரம், மக்கள் என்று முழங்க, எல்லோரும் கைதட்ட (பொய். முதலில் வந்தது இரண்டே சொல்.)

"அம்மா கடை."

"கடையா? மத்த பெட்டியெல்லாம்?"

"எல்லாத்துக்கும் வாசல் இந்தச் சந்துப் பக்கந்தான் மேடம்."

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே, அத்தன பேரு வாசல்லயும் போயி முதுகக் காட்டி நின்னுருக்கேனே!"



5

முடிவு வேண்டுமே. சுவர் இருந்த இடத்தில் ஒரு வாசல், உட்காரப் படிகள். அல்லது சுவர் பாதியாக இறங்கி, மேலே வானம். அல்லது தெருவிலிருந்து சந்து வரை கட்டடத்துக்குள்ளேயே ஒரு நடைபாதை. எதைக் கட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை. உங்களுக்குப் பிடித்ததைக் கட்டிக்கொள்ளுங்கள். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் கடையில் இருந்தேன். மேடம் வந்தார். தைக்க வந்தவர் என்று நினைத்த அம்மா, அளவு நாடாவோடு எழுந்து, "கையத் தூக்குங்க" என்றாள். மேடமும் மறுபேச்சில்லாமல் தூக்கினார். அளவெடுத்து முடிந்ததும் அம்மா வாசலைப் பார்த்து உட்கார்ந்து, ஒரே தடவையில் ஊசி கோத்தாள். அதையும் மேடம் பார்த்தார்.

பிறகு பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துத் தையல் மேசைமேல் வைத்தார். நான் ஒட்டிய மொட்டைச் சுவர். ஓரத்தில் பசை பிய்ந்த தடம். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சந்து வழியே நடந்து போனார்.