வீட்டுக்கு அனுப்பலாம்

அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு வம்ச வரைபடம் ஒன்று தயாரித்துச் சட்டம் போட்டுக் கொடுக்கப்போவதாகக் கடைக்குட்டி அறிவித்தபோது வீடே சிரித்தது. நாற்பத்தேழு வயதாகி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகும் அவள் கடைக்குட்டிதான். துப்பறியும் சிங்கம் என்று அண்ணன் புதுப் பட்டம் வேறு சூட்டினான். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. போனவங்க போனவங்களாவே இருக்கட்டும்மா என்றார். ஒன்பது வயதில் தகப்பனைப் பறிகொடுத்த வலி அது என்று அவள் நினைத்தாள். அந்த வலிக்கு மருந்தாக ஏதாவது கொண்டுவர வேண்டும் என்றுதான் கிளம்பினாள்.

தாத்தா காய்ச்சலில் போய்விட்டார் என்பது வீட்டுக் கதை. ஆனால் அந்த வருடத்து இறப்புப் பதிவேட்டில் அவர் இல்லை. விட மனமில்லாமல் வருடம் வருடமாகப் புரட்டினாள். இருபத்தாறு வருடம் தள்ளி அகப்பட்டார். அதே பெயர், அதே தகப்பன் பெயர், அதே பழைய வீட்டு முகவரி. இறந்த இடம், மனநல மருத்துவமனை. வீட்டிலிருந்து நாலு பஸ் ஸ்டாப் தூரம். அப்போது அவளுக்கு இரண்டு வயது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் அங்கே போனாள். தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்முங்கள், காகிதம் பொடிப்பொடியாகிவிடும் என்று சொல்லித் தாத்தாவின் கோப்பை நீட்டினார் பதிவறை எழுத்தர்.

பார்வையாளர் பக்கத்தில் முதல் இரண்டு வருடம் பாட்டியின் கைநாட்டு. பிறகு வெறும் கட்டங்கள். பதினோராம் வருடம் டாக்டரின் குறிப்பு: 'குணமாகிவிட்டார். வீட்டுக்கு அனுப்பலாம்.' அதோடு குண்டூசியில் ஒரு பதில் கடிதம்.

படிக்கும் முன்பே கையெழுத்து தெரிந்துவிட்டது. நாற்பது வருடம் மருந்துக்கடை நடத்தியவர் அப்பா. காலை ஒன்று, இரவு ஒன்று என்று கவரில் எழுதி, யாரும் தப்பாக விழுங்கிவிடக் கூடாதென்று அடியில் இரட்டைக் கோடு போடுவார். கடிதத்தின் தேதிக்கு அடியில் அதே இரட்டைக் கோடு.

'தங்கைக்கு வரன் நிச்சயமாகியுள்ளது. தகப்பனார் காலமாகிவிட்டதாக மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருக்கிறோம். கல்யாணம் முடிந்ததும் நானே வந்து அழைத்துப்போகிறேன். அதுவரை வைத்துக்கொள்ளவும்.'

அத்தைக்குக் கல்யாணமாகி அறுபது வருடம் ஆகிறது. கோப்பில் மிச்சமிருந்த பதினைந்து வருடமும் நர்சுகள் கிட்டத்தட்ட ஒரே வரியைத்தான் எழுதியிருந்தார்கள்: 'மகன் வருவான் என்கிறார். துணிகளை மடித்துப் பையில் வைத்திருக்கிறார்.' கடைசிப் பக்கத்தில், உடலைப் பெற யாரும் வரவில்லை என்றிருந்தது.

நகல் வேண்டுமா என்று எழுத்தர் கேட்டார். வேண்டாமென்று தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும், ஒன்றும் கிடைக்கவில்லை என்று அப்பாவிடம் சொன்னாள். அவளுடைய சேலையில் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதத் தூளையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட் இன்னும் பச்சைதானா?"

"நீலம் அடிச்சிருக்காங்கப்பா."

"அத்தை கல்யாணம் முடிஞ்ச மாசமே போனேன். உங்க அம்மாவைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை. உங்கண்ணன் பொறந்தப்ப ஒரு தடவை. கேட்டைத் தாண்டிக் கால் போகலம்மா." விரல்களைத் தேய்த்துக்கொண்டார். "என்னைக் கேட்டாரா? ஏதாவது எழுதியிருந்துச்சா?"

மடித்த துணிகளும் அந்தப் பையும் அவள் தொண்டைவரை வந்தன. இந்த வயதில் இவர் அதைத் தாங்குவாரா?

"இல்லப்பா. கேக்கவே இல்ல."

அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தாள். அது அப்படியே உதிர்ந்துபோனது.

"அப்ப மறந்தே போயிட்டாரு," என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சொன்னதை இனி எப்படித் திருப்பி எடுப்பது? திருப்பினாலும் அந்தப் பையைத்தானே அவர் மடியில் வைக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை அத்தை பேரன் பேத்திகளோடு வருகிறாள். கடைக்குட்டி வரைபடத்தை விரித்தாள். தாத்தாவின் பெயருக்குக் கீழே இறந்த வருடத்துக்கான இடம் காலியாக இருந்தது. வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த அந்தக் காய்ச்சல் வருடத்தையே எழுதினாள்.