பூஜ்ஜியத்துக்குக் கீழே

குளிரூட்டும் இயந்திரங்கள் இரண்டில் ஒன்று காலையிலேயே நின்றுபோனது.

பாதாள ரயிலுக்காகத் தெரு நடுவே தோண்டிய குழி அது. சுற்றிலும் நீர் ஊறிய மண். அதற்குள் குழாய்களை இறக்கி, கடுங்குளிரான உப்புத் தண்ணீரை ஓடவிட்டு, குழியைச் சுற்றி மண்ணையே சுவராக உறைய வைத்திருந்தார்கள். சுவர் உறைந்திருக்கும் வரைதான் உள்ளே ஆள் இறங்க முடியும். சுவருக்குப் பொறுப்பான இன்ஜினியர் அவள். அடியில் தோண்டிக்கொண்டிருந்த எட்டு பேருக்கும் மேஸ்திரி, அவளுடைய கணவனின் தம்பி.

மானிட்டரில் சுவரின் குளிர் மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. மைனஸ் மூன்று. மைனஸ் இரண்டு. மைனஸ் ஒன்று.

"இன்னும் மைனஸ்லதானே மேடம் இருக்கு?" என்றார் சைட் மேனேஜர். "ஜீரோவைத் தாண்டட்டும், பாத்துக்கலாம். அடியில கான்கிரீட் போட்டு மூடிட்டா தப்பிச்சோம். இப்ப விட்டா குழியே போயிடும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"மணலுக்கு அது சரி சார். ஆனா நடுவுல ஒரு களிமண் பட்டை ஓடுது. களிமண்ல இருக்கற துளைங்க கண்ணுக்கே தெரியாது. அவ்வளவு சின்ன இடத்துல மாட்டின தண்ணி ஜீரோல உறையாது, இன்னும் குளிரணும். இளகுறதும் அப்படித்தான். ஜீரோ வர்றதுக்கு முன்னாடியே இளகிடும்."

"எவ்வளவு முன்னாடி?"

"அந்தப் பட்டையில மீட்டர் இல்ல சார். கையால தொட்டுத்தான் பாக்கணும்."

வாக்கி டாக்கியை எடுத்தாள். "தம்பி, அந்தக் களிமண் பட்டையைக் கொஞ்சம் தொட்டுப் பாரு."

"ஏன் அண்ணி, உங்க ஐஸ்பெட்டிக்கு உடம்பு சரியில்லையா?"

பின்னால் ஆட்கள் சிரிப்பது கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது.

"அண்ணி... கட்டைவிரல் உள்ள போகுது. நேத்து கடப்பாரையே இறங்கல."

அவள் யாரையும் கேட்கவில்லை. "எல்லாரும் மேல வாங்க. எதையும் எடுக்காதீங்க. இப்பவே!"

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரே ஓடிப்போய்ச் சைரனை அழுத்தினார்.

ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டில் ஒரு தடவைக்கு நான்கு பேர்தான் ஏறலாம். முதல் நான்கு பேர் வந்தார்கள். அடுத்த நான்கு பேரும் வந்தார்கள். கூண்டு மூன்றாம் முறை பாதி தூரம் இறங்கியபோது, கீழே ஏதோ பெரிதாக வாய் பிளந்த மாதிரி ஒரு சத்தம். களிமண் பட்டை பிதுங்கி விழுந்து, அந்த வழியாகச் சேறும் மணலும் உள்ளே பாய்ந்தன. கூண்டு சிக்கி நின்றது. மேஸ்திரி மட்டும் அடியில்.

வெளியே யாரோ கத்தினார்கள். தெருவோர மாடி வீட்டின் வாசற்படி ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. சேறு குழிக்குள் ஓட ஓட, தெருவுக்கு அடியில் மண் காலியாகிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த ஒரே வழிதான் உண்டு. குழியைத் தண்ணீரால் நிரப்ப வேண்டும். உள்ளே நிற்கும் தண்ணீர்தான் வெளியிலிருந்து வரும் சேற்றை எதிர்த்துத் தள்ளும்.

மேனேஜரின் கை தண்ணீர்க் குழாயின் வால்வு மேல் இருந்தது. திருகவில்லை. "மேடம், உங்க கொழுந்தன்..."

"தம்பி, எங்க இருக்க?"

"ஏணில. பேச வைக்காதீங்க, மூச்சு வாங்குது."

"மேல வீடுங்க இறங்குது. தண்ணி திறக்கணும்."

இரைச்சலுக்கு நடுவே ஏணிப்படியில் பூட்ஸ் மோதும் சத்தம் கேட்டது.

"திறங்க அண்ணி. எனக்கு நீச்சல் தெரியும்னு நினைச்சுக்கங்க."

"நிக்காம ஏறு. நின்னே, கொன்னுடுவேன்."

மேனேஜரின் கையை விலக்கிவிட்டு அவளே வால்வைத் திருகினாள். தண்ணீர் இடி மாதிரி கொட்டியது. அதன்பின் வாக்கி டாக்கியில் பதில் இல்லை. குழி விளிம்பில் மண்டியிட்டு, டார்ச்சை அடித்தபடி அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஏணியின் படிகளைப் பழுப்புத் தண்ணீர் ஒவ்வொன்றாக விழுங்கி மேலே வந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே, சேறு அப்பிய தலை ஒன்று. ஒரு கை. மேலே இருந்த எட்டு பேரும் பாய்ந்து, கிடைத்த இடத்தைப் பிடித்து அவனைத் தூக்கிப் போட்டார்கள்.

வாந்தியெடுத்தான். ஒரு காலில் பூட்ஸ் இல்லை. யாரோ போர்த்திவிட்ட சாக்குக்குள் உடம்பு நடுங்கியது.

சேறு நின்றுவிட்டது. வாசற்படியைத் தவிர வீட்டுக்குச் சேதம் இல்லை என்றார்கள். குழியை மறுபடி உறைய வைத்துத் தோண்ட மாதக்கணக்கில் ஆகும்.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்க செஞ்சது சரிதான் அண்ணி," என்றான் கடைசியில். "ஆனா கீழ நீங்க இருந்து, வால்வுகிட்ட நான் நின்னிருந்தா, திறந்திருக்க மாட்டேன்."

அவன் தோளிலிருந்து நழுவிய சாக்கை இழுத்து மூடினாள். அந்த வீட்டுச் சுவரை ஒரு தரம் பார்க்கச் சொல்லி மேனேஜர் கூப்பிட்டார். எழுந்து போனாள்.