பன்னெண்டரை இன்ச்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஃபைசான் வீடு திரும்பியபோது, ரூபீனா பர்தாவை மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் செருப்போடு நின்றிருந்தாள். உள்ளே அடுப்பில் பிரியாணிச் சட்டி மூடியபடி இருந்தது. அதன் பக்கம் அவன் பார்த்த ஏக்கப் பார்வையை அவள் கண்டுகொள்ளவே இல்லை.

"வந்து சாப்ட்டுக்கலாம். வண்டிய எடுங்க."

"பசிக்குது ரூபி."

"நம்ம கம்ப்யூட்டர் கார்டு ஒண்ணு ரெண்டுதான் மிச்சம் கீதாம். கடக்காரரு செந்தில்குமார் காலையிலேர்ந்து மெசேஜ் போட்டுக்கினே கீறாரு. எவனாச்சும் தூக்கினு போய்ட்டா அப்புறம் பிரியாணி எறங்குமா எனக்கு?"

உனக்கு இறங்காவிட்டால் எனக்குமா இறங்காது என்று கேட்க ஃபைசானுக்கு வாய் துடித்தது. மீர்சாகிப்பேட்டைச் சந்து ஒன்றில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருப்பவன் அவன். கடைக்குப் பின்னாலேயே வீடு. முடிவெடுத்துவிட்ட பெண்ணிடம் வாயைக் கொடுக்கக் கூடாது என்பதை இருபது வருடத் தொழில் அவனுக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. வண்டியைத் திருப்பினான்.

ரூபீனாவுக்கு முப்பத்தைந்து வயது. பகலில் ப்ளவுஸ்களுக்குக் கொக்கி வைப்பாள், ஹெம்மிங் போடுவாள். மதியம் வேலை ஓய்ந்ததும், தம்பி துபாய் போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஐந்து பேரும் ஐந்து பேரும் மோதும் துப்பாக்கிச் சண்டை ஆடுவாள். பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான். நாலு வருடத்தில் அது ஒரு பெண்கள் அணியில் கொண்டுபோய் விட்டிருந்தது. அணித் தலைவி ஸ்நேஹா, அடையாறில் இருக்கும் கல்லூரிப் பெண். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு ஊர். எல்லோருமே ரூபீனாவின் மூளையை மதித்தார்கள். எதிரி எந்தப் பக்கமாக வருவான் என்று அவள் சொன்னால் அந்தப் பக்கமாகத்தான் வருவான். கஷ்டம் என்னவென்றால், அப்படி வந்தவன் கையால் முதலில் விழுவதும் அவள்தான்.

"சிஸ்டம் ஸ்லோம்மா," என்பாள். முதல் வருடம் நம்பினார்கள். இரண்டாம் வருடம் சரி என்றார்கள். போன வாரம் ஸ்நேஹா போன் செய்து மென்று விழுங்கினாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த சனிக்கிழமை மூணு மணிக்கு குவாலிஃபையர் மேட்ச். அதுக்குள்ள சிஸ்டம் மாத்திட்டீங்கன்னா நீங்கதான் ஆடறீங்க. இல்லன்னா கோயம்புத்தூர்ல ஒரு பொண்ணு ரெடியா இருக்கா. பதினேழு வயசுதான், நல்ல ஸ்பீடு."

வயதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். அது ரூபீனாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே ஏலச்சீட்டை எடுத்துப் புதுக் கம்ப்யூட்டர் கட்டுவதென்று முடிவு செய்துவிட்டாள். செய்த பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. மெதுவாக இருப்பது அந்தப் பெட்டியா, நானா? புதுசு வந்த பிறகும் பொத்தென்று விழுந்தால் எதன் மேல் பழியைப் போடுவது? இதை அவள் ஸ்நேஹாவிடம் சொல்லவில்லை, கட்டின புருஷனிடமும் சொல்லவில்லை.

ஆனால் பயப்படவும் நேரம் வேண்டுமே! அந்த ஒரு வாரமும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. துணி வெட்டுவதற்கு மாதிரி போடும் பழுப்புக் காகிதத்தில் பட்டியல் போட்டாள், அடித்தாள், மறுபடி போட்டாள். ப்ராசஸரில் கொஞ்சம் இறங்கி வந்தால் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டில் ஏறலாம். ரேம் பதினாறு போதுமா, முப்பத்திரண்டா? கொக்கி தைக்கும்போதும் போனில் யாராவது ஒருவன் மதர்போர்டுகளை ஒப்பிட்டுப் பேசிக்கொண்டே இருந்தான். முதல் இரண்டு நாள் தலையில் அடித்துக்கொண்ட ஃபைசான், மூன்றாம் நாள் தானும் வந்து குனிந்து பார்த்தான்.

"பவர் சப்ளைல மிச்சம் புடிக்காத ரூபி. பட்டுத்துணி எடுத்துட்டு மட்டமான லைனிங் குடுக்கறாங்க பாரு, அந்த மாரி ஆய்டும்."

அந்த யோசனை சரியாகவே இருந்ததால் அன்றிலிருந்து அவனும் கூட்டாளியானான். கேபினெட்டை மட்டும் மாற்ற வேண்டாம், பழைய பெட்டியிலேயே புதுச் சாமான்களைப் போட்டுக்கொள்ளலாம், மிச்சமாவதைக் கார்டில் போடலாம் என்று இருவருமாகச் சேர்ந்து தீர்மானித்தார்கள். கார்டு நுழைய உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க அவள் ஸ்கேலைத் தேடியபோது ஃபைசானுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அளவெடுக்கறது யாரு வேல? நவுரு."

கழுத்தில் கிடந்த டேப்பை உருவிப் பெட்டிக்குள் விட்டான். "எழுதிக்க. பன்னெண்டரை இன்ச்." அவன் எடுத்த அளவு தப்பாகி எந்தப் பெண்ணும் இதுவரை ப்ளவுஸைத் திருப்பிக்கொண்டு வந்ததில்லை. ரூபீனா எழுதிக்கொண்டாள்.

இந்த வெள்ளிக்கிழமை, கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவில் வண்டியை நிறுத்த இடம் தேடுவதற்குள் ரூபீனா குதித்து இறங்கிக் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டாள். மாடியில் பத்துக்குப் பத்து அறைதான் செந்தில்குமாரின் கடை. கண்ணாடி மேஜை மேல் ஒவ்வொரு டப்பாவாக வந்து இறங்க இறங்க, அவள் பழுப்புக் காகிதத்தில் டிக் போட்டாள். ப்ராசஸர் டப்பா உள்ளங்கையில் அடங்கிவிடும்போல இருந்தது. இவ்வளவு சின்னதற்கா ஒரு வாரம் தூக்கம் கெட்டேன் என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கடைசியாகக் கார்டு. செந்தில்குமார் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று இரண்டு விசிறிக் கார்டு, குட்டையானது. இன்னொன்று மூன்று விசிறி.

"சிப்பு ரெண்டுலயும் ஒண்ணுதாங்க்கா. மூணு ஃபேன் வெச்சது சூடாவாது, சத்தமும் வராது. வெல சொல்பம்தான் ஜாஸ்தி. ஆனா நீளம். முந்நூத்தி அஞ்சு மில்லிமீட்டர். உங்க கேபினெட்ல எடம் எவ்ளோ கீது?"

"பன்னெண்டரை இன்ச்!" என்றான் அப்போதுதான் மூச்சு வாங்க மாடியேறி வந்த ஃபைசான்.

செந்தில்குமார் கால்குலேட்டரைத் தட்டினார். "முந்நூத்தி பதினேழு. தாராளமா போவும் பாய். ஆனா ஒண்ணு, சீல் பிரிச்சிட்டா திருப்பி எடுக்க மாட்டோம். நல்லா யோசிச்சுக்கோங்க."

ரூபீனா யோசிக்கவெல்லாம் இல்லை. அந்த மூன்று விசிறிக் கார்டைக் கையில் வாங்கினாள். கனமாக இருந்தது. வாயெல்லாம் பல்லாக அவள் நின்ற நிற்பைப் பார்த்து ஃபைசான், நகைக்கடையில்கூட இவள் இப்படிச் சிரித்ததில்லையே என்றான். நகைக்கடைக்கு எத்தனை தடவை கூட்டிக்கொண்டு போனீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். செந்தில்குமார் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடையின் வெட்டும் மேஜையில் பாதியைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். மறுபாதியில் ஒரு கல்யாணப் பெண்ணின் சிவப்புப் பட்டு ப்ளவுஸ் கிடந்தது. ப்ராசஸரை உட்கார வைத்து நெம்புகோலை அழுத்தும்போது 'கறக்'கென்று ஒரு சத்தம் வருமே, அதற்கு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் உடையவில்லை. ரேம் 'டக்'கென்று உட்கார்ந்தது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய எஸ்.எஸ்.டி.யை மாட்டினாள், கேம் அதிலேயே இருந்தது. மதர்போர்டைப் பழைய பெட்டிக்குள் இறக்கி ஒன்பது ஸ்க்ரூவையும் முடுக்கினாள். எங்கேயும் தடுமாறவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கார்டின் சீலைப் பிரித்தாள்.

கார்டு போகவில்லை.

சாய்த்துப் பார்த்தாள், போகவில்லை. நேராக, தலைகீழாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு எப்படிப் பார்த்தாலும் பெட்டியின் முன்பக்கம் ஹார்ட் டிஸ்க் வைக்கும் இரும்புக் கூட்டில் போய் இடித்தது. அரை இன்ச். வெறும் அரை இன்ச்தான்!

"ஏங்க! இங்க வாங்க. அளங்க இத."

ஃபைசான் டேப்பை விட்டான். பார்த்தான். முகம் வெளிறியது.

"எவ்ளோ?"

"பதினொண்ணரை."

"அன்னிக்கு பன்னெண்டரைன்னீங்களே!"

அவன் டேப்பைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடி சுருட்டினான். "லூஸ் சேத்து சொல்லிட்டேன் ரூபி," என்றான் குரலே எழும்பாமல். "ஒடம்புக்கு டேப்ப சுத்தினா ஒரு இன்ச் சேத்துதான் வாயில வரும். இருவது வருசமா அப்டியேதான் எழுதிக்கினு கீறேன். கை அதுவா..."

"இரும்புப் பொட்டி இன்னா மூச்சு வுடுமா? குண்டாவுமா? அதுக்கு எதுக்கு லூஸு?"

அவள் போட்ட சத்தத்தில் வாசலில் ப்ளவுஸ் வாங்க வந்து நின்ற அம்மாள் ஒரு படி கீழே இறங்கினாள். ரூபீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபம்தான், கோபத்துக்கு அடியில், அப்பாடா, இனி ஆட வேண்டாம், என்னவென்று தெரிந்துகொள்ளவும் வேண்டாம் என்று ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் அவளுக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"நான் ஓடிப்போய் ஒரு கேபினெட் வாங்கியாந்துடறேன்," என்று ஃபைசான் சட்டையை மாட்டினான்.

"சனிக்கெழம மவுண்ட் ரோடுல நீங்க போய் வந்து, நான் எல்லாத்தையும் கழட்டி மாட்டி... மூணு மணிக்கு மேல ஆய்டும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். மேஜையைப் பார்த்தாள். வீடியோவில் வருகிறவர்களெல்லாம் பெட்டிக்குள் போடுவதற்கு முன்னால் அட்டை டப்பா மேல் வைத்து ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார்களே! ஓடுகிறதே அது! "பொட்டி எதுக்குங்க? ஆடப்போறது உள்ள கீறதுதானே. அந்தப் பட்டு ப்ளவுஸ எடுங்க, மேஜ முழுசும் எனக்கு வேணும்."

அடுத்த ஒன்றரை மணி நேரம் அந்தக் கடையில் தையல் மெஷின் ஓடவில்லை. பஞ்சும் நூலும் பறந்து விசிறியில் சிக்கக் கூடாது என்று ஃபைசான் மேஜையை ஈரத்துணியால் துடைத்தான், தரையைத் துடைத்தான், சீலிங் ஃபேனையும் நிறுத்திவிட்டு வேர்வை ஊற்ற நின்றான். கல்யாண ப்ளவுஸ் பீரோவுக்குள் போனது. ரூபீனா ஒன்பது ஸ்க்ரூவையும் கழற்றி, மதர்போர்டை அதன் அட்டை டப்பா மேலேயே படுக்க வைத்து, மூன்று விசிறிக் கார்டை அதில் நட்டு நிறுத்தினாள். ஒயர்கள் நாலு பக்கமும் கிடந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. பெட்டி இல்லை என்றால் பட்டனும் இல்லை. மதர்போர்டு ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கம்பிகளை டெஸ்டர் முனையால் தொட வேண்டும்.

"பிஸ்மில்லா," என்று தொட்டாள்.

விசிறிகள் சுற்றின. திரை இருட்டாகவே இருந்தது. பத்து விநாடி, இருபது விநாடி. முதல் தடவை கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்று படித்திருந்தாள். ஃபைசான் அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு திரை பளீரென்று வெளிச்சமானது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஏற்கெனவே ஒரு படி இறங்கிப் போய், மறுபடி அப்போதுதான் வந்து நின்ற அம்மாள், திங்கட்கிழமை வருகிறேன் என்று போயே விட்டாள்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ரூபீனா ஹெட்செட்டை மாட்டினாள்.

"அக்கா! வந்துட்டீங்களா!" ஸ்நேஹாவின் குரலில் சந்தோஷமும் இருந்தது, கணக்கும் இருந்தது. "அந்தப் பொண்ணும் லைன்ல வெயிட் பண்றா. முதல் பாதி நீங்க ஆடுங்க. சரியா வரலன்னா மாத்திக்கலாம். ஓகேவாக்கா?"

"ஓகே," என்றாள் ரூபீனா. உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. பர்தாத் துணியிலேயே துடைத்துக்கொண்டாள்.

முதல் சுற்று. "எடது பக்கமாதான் வருவாங்க. நான் நிக்கறேன், நீங்க நாலு பேரும் அந்தாண்ட போங்க," என்றாள். போனார்கள். அவள் ஒரு சுவர் மூலையில் நின்றாள். நாலு வருடமாக நின்ற அதே மாதிரி மூலைதான். இந்த இடத்தில்தான் படம் ஒரு நொடி உறைந்து நிற்கும். மறுபடி அசையும்போது அவள் தரையில் கிடப்பாள். எவன் சுட்டான் என்றுகூடத் தெரிந்ததில்லை.

படம் உறையவில்லை. மூலையில் ஒரு தோள் தெரிந்தது. வெறும் தோள்தான். அந்தத் தோளுக்கு முகம் வருவதற்குள் அவள் விரல் அழுத்திவிட்டது. விழுந்தான். பின்னால் வந்தவன் திரும்பினான். அவன் திரும்புவது எவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவனும் விழுந்தான். மூன்றாவது ஆள் ஓடப் பார்த்தான், அவனையும் விடவில்லை.

"அக்கா! மூணு பேரா!" என்று ஹெட்செட்டில் ஸ்நேஹா கத்தினாள்.

வாசலில் வாடிக்கையாளர்களை நிறுத்திவைத்திருந்த ஃபைசான் தலையை மட்டும் உள்ளே நீட்டினான். "இன்னா ரூபி, ஜெயிச்சிட்டியா?"

"இப்பதான் முத ரவுண்டு. இன்னும் எவ்ளோ கீது." ரூபீனா ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து விலக்கினாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, முகமோ சிரித்துக்கொண்டிருந்தது. "ஏங்க, நான் ஸ்லோ இல்லங்க."

"உன்ன ஸ்லோன்னு எவ சொன்னது?" ஃபைசான் சண்டைக்கே கிளம்பிவிட்டான்.

"நான்தான்," என்று சொல்லி, அவள் அடுத்த சுற்றுக்குத் திரும்பினாள்.