ஆட்டம் கண்ட தங்கக் கல்

புற ஊதா டார்ச் வெளிச்சம் கல்லின் மேல் விழுந்ததுதான் தாமதம், அண்ணனின் முகம் கோணியது.

இருட்டுப் பெட்டிக்குள் வைத்து அந்த டார்ச்சை அடித்தால், வெள்ளைப் படிகக்கல்லும் அதில் ஓடும் தங்கமும் பேசாமல் கிடக்கும். பசை இருந்தால் மட்டும் நீலமாகப் பல்லிளிக்கும். இப்போது கல்லின் நட்டநடுவே ஒரு நீலக் கோடு. வெட்கமே இல்லாமல் இளித்தது.

"ஒட்டுக்கல்," என்றார் அண்ணன்.

கல்லுக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கனிமக் கண்காட்சியில் அவள் போட்டிருக்கும் முதல் கடை இது. வாசல் இன்னும் திறக்கவில்லை. அதற்குள் ஒவ்வொரு மேஜையாகச் சோதித்து வரும் பரிசோதகர் வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அண்ணன். வெறும் கல்லில் தங்கத் துணுக்கை ஒட்டி விற்கும் கில்லாடிகள் பெருத்துவிட்டதால் சட்டம் கறார்: ஒட்டுக்கல்லை முழுக்கல் என்று வைத்தால் மேஜை மேல் சிவப்புத் துணி விழும். அப்புறம் அந்தக் கடைக்கு இங்கே என்றைக்கும் இடமில்லை.

"அண்ணே, விளையாடாதீங்க. நானே சோதிச்ச கல்லு. ஊசியால குத்தினேன், அமுங்குச்சு. தங்கம் மாதிரி ஏமாத்துற பைரைட்டா இருந்தா பொடிஞ்சிருக்கும். ஓட்டுல உரசினேன், மஞ்சளாத்தான் கோடு விழுந்துச்சு."

"தங்கம் தங்கம்தான், யாரு இல்லன்னா? கல்லுலயே விளைஞ்சுதா, உன் வீட்டு மேஜையில விளைஞ்சுதா? அதுதான் கேள்வி."

பக்கத்தில் நின்ற பல் டாக்டர் மெல்ல ஓரடி பின்வாங்கினார். இந்தக் கல்லுக்காகவே சிபாரிசு பிடித்து முன்கூட்டியே உள்ளே நுழைந்தவர். வீடு முழுக்கக் கல் சேர்ப்பவர். வீட்டம்மாவின் புடவை அலமாரியிலும் கல்தான் என்று கேள்வி.

கல்லுக்காரி திரும்பினாள். அவளுடைய வீட்டுக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிடரியில் வேர்வை.

"என்னங்க."

"ம்?"

"இங்க பாருங்க."

"கண்ணாடி தொடைக்கிறேன்ல?"

"இன்னும் தொடைச்சா அது தேஞ்சே காணாமப் போயிடும். என்ன பண்ணீங்க இந்தக் கல்லை?"

அவர் துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"பளபளன்னு இருக்கட்டுமேன்னு நேத்து பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். சோப்பு வழுக்கிடுச்சு. தொட்டியில விழுந்து... கொஞ்சம் பசை..."

"மாப்பிள்ளை!" அண்ணன் தலையில் கை வைத்தார். "கல்யாணத்தன்னைக்கே சொன்னேனே, பொக்கிஷம் மாதிரி பாத்துக்கணும்னு!"

"அது உங்க தங்கச்சியைப் பத்தி மச்சான். கல்லைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே."

அண்ணன் பையிலிருந்து சிவப்புத் துணியை உருவினார். அதன் நுனி மேஜையைத் தொட்ட நொடியில் கல்லுக்காரி கேட்டாள்:

"விழுந்ததும் ரெண்டா போச்சா?"

"அதான் இல்லையே!" வீட்டுக்காரருக்கு அப்போதும் அதில் எரிச்சல். "விரிசல் விட்டுது. விழப்போற பல்லு மாதிரி ஆடிச்சு. ஆட்டினா ஆடுது, இழுத்தா வரமாட்டேங்குது. கடுப்புல பசையை ஊத்திட்டேன்."

கல்லுக்காரியின் மூளைக்குள் பொறி தட்டியது.

"அண்ணே, துணியை எடுங்க. பசையைக் கழட்டிக் காட்டறேன்."

படிகம் உடையும். தங்கம் வளையும், நீளும், சட்டென்று விட்டுக்கொடுக்காது. கல்லுக்குள்ளேயே நூல்நூலாக விளைந்த தங்கமென்றால், கல் விரிந்தாலும் இரண்டு பாதியையும் அது பிடித்துக்கொண்டிருக்கும். ஒட்டவைத்த தங்கமென்றால், பசை போனதும் பாதிக்குப் பாதி பிரிந்து விழும்.

அண்ணனுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் அப்படிக் கேட்டார்:

"இவர் இழுத்த இழுப்புல நூல் அறுந்திருந்தா?"

அறுந்திருந்தால் அசல் கல்லே போலியைப் போல விழும். கடையும் கூடவே விழும்.

"பிடிவாதமா இழுத்தீங்களா?" என்றாள் கணவனிடம்.

"ஓரளவுக்கு."

"அந்த ஓரளவு எந்த அளவு?"

"சொன்னா அடிப்ப."

எதிர் மேஜையில் மணிமாலை விற்பவள் நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் பாட்டிலோடு தந்தாள். கண்ணாடிக் குவளையில் கல் மூழ்கியது. மூடி போட்டார்கள். பசை அவசரப்படவில்லை.

அண்ணன் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நல்லா கேட்டுக்க. இப்ப நான் உன் அண்ணன் இல்ல, பரிசோதகர்."

"அப்ப எந்திரிங்க சார். அந்த ஸ்டூல் எங்க அண்ணனுக்குப் போட்டது."

எழுந்துதான் நின்றார்.

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் குவளையைச் சூழ்ந்தார்கள். வீட்டுக்காரர் எட்டிப் பார்க்க வந்தபோது, அவரை யாரென்றே தெரியாத ஓர் ஆள்கூட, "நீங்க தள்ளியே இருங்க" என்றார். ஒருவழியாக விரிசலின் ஓரத்தில் பசை வெள்ளை ஏடாகக் கிளம்பியது.

கல்லுக்காரி கையுறை மாட்டினாள். கல்லின் மேல் பாதியை மட்டும் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினாள்.

கீழ்ப் பாதி சரிந்தது.

"போச்சு!" என்றது கூட்டம்.

போகவில்லை. சரிந்த துண்டு பாதி வழியில் நின்றது. தொங்கியது. கதவு கீலில் ஆடுவதுபோல் இப்படியும் அப்படியும் ஆடியது. நடுவே, விரிசலின் ஒரு ஓரத்தில், முடி கனத்தில் மஞ்சள் நூல்கள் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன.

அண்ணன் கல்லை வாங்கி இருட்டுப் பெட்டிக்குள் பிடித்து டார்ச் அடித்தார். நீலம் மருந்துக்குக்கூட இல்லை. கல்லை லேசாக உலுக்கினார். நூல் அசைந்தது, விடவில்லை. டார்ச்சை அணைத்தார்.

"அட்டையில எழுதி வை. கீழ விழுந்தது, விரிசல் உண்டுன்னு. மறைச்சே, அப்புறம் நான் பொல்லாதவன்."

சிவப்புத் துணி பைக்குள் போனது.

அதற்குள் பல் டாக்டர் ஓரடி அல்ல, நாலடி முன்னேறியிருந்தார். "திறந்து மூடுதேம்மா! வெளித்தங்கம் எல்லார்கிட்டயும் இருக்கு. உள்தங்கத்தை இப்படி யாரு பார்த்திருக்கா? இது எனக்குத்தான், வேற யாருக்கும் காட்டாதீங்க." கல்லை வாங்கி விளக்கொளியில் திறந்தார், மூடினார், திறந்தார். "என் தம்பியும் சேர்க்கிறான். இதே மாதிரி கீல் வெச்சது இன்னொண்ணு கிடைக்குமா?"

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அடுத்த வெள்ளைக் கல்லை நோக்கி வீட்டுக்காரரின் கை ஆசையோடு நீண்டது.

"அதைத் தொட்டீங்க..." என்றாள் கல்லுக்காரி.

நீண்ட கை வந்த வேகத்தில் திரும்பியது. வாக்கியத்தை முடிக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.