வேகக் கண்காணிப்புக் குழு

அந்தப் பள்ளியின் இணையம் காலை ஒன்பதரை வரை நன்றாகத்தான் இருக்கும். பத்து மணி அடித்ததும் படுத்துவிடும். மாலை நாலரைக்குப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கிளம்பிப் போனதும் எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காதது போல ஓடும். வேலை நேரத்தில் மட்டும் உடம்புக்கு முடியாமல் போகிற மனிதர்களைக் கணினி டீச்சர் இருபது வருடமாகப் பார்த்திருக்கிறார். ஒரு கம்பியும் அப்படிச் செய்யும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

கம்பி எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. சனிக்கிழமை நாற்பத்தொரு பிள்ளைகள் கணினியில் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இதுவரை அந்தத் தேர்வுக்கு நான்கு மணி நேரம் பேருந்தில் போக வேண்டியிருந்தது. போன வருடம் முப்பத்தெட்டுப் பேர் பெயர் கொடுத்து, பதினொரு பேர்தான் போய் எழுதினார்கள். டீச்சர் இரண்டு வருடம் மனுமேல் மனுவாகப் போட்டு, தன் ஆய்வகத்தையே தேர்வு மையமாக்க அனுமதி வாங்கியிருந்தார். தேர்வு வாரியம் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காலை பத்தேகாலுக்கு அவர்கள் அங்கிருந்தே வேகத்தை அளப்பார்கள். ஒரு நாளாவது வேகம் நாற்பது எம்.பி. தேற வேண்டும். தேறவில்லையென்றால் மையம் ரத்து, பிள்ளைகளுக்கு மறுபடி பேருந்து.

திங்கட்கிழமை இரண்டு வந்தது. செவ்வாய்க்கிழமை ஒன்றரை.

திங்கட்கிழமை மாலையே லைன்மேனை வரவழைத்துக் காட்டியாயிற்று. அவர் ஏணியில் ஏறி, இறங்கி, பெட்டியைத் திறந்து, மூடி, தன் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தேழு வருது மேடம். லைன் தங்கமா இருக்கு" என்றார்.

"காலையில ரெண்டு வந்துச்சே."

"காலையில நான் இல்லையே மேடம்."

"காலையில வாங்களேன்."

"காலையில எங்களுக்கு மீட்டிங்."

இதற்கு மேல் அந்த மனிதரிடம் என்ன பேசுவது. டீச்சர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்தார். 'குறை ஏதுமில்லை' என்று லைன்மேன் எழுதிக் கொடுத்த காகிதத்தைத் தலைமையாசிரியர் உடனே கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

தலைமையாசிரியரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பள்ளியில் அவருக்குச் 'சுற்றறிக்கை' என்று பெயர். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் சுற்றறிக்கை, வந்தாலும் சுற்றறிக்கை. மூன்று வாரத்துக்கு முன் எங்கோ கேபிள் அறுந்து ஒரே ஒரு நாள் இணையம் நின்றது. மறுநாள் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் 'வேகக் கண்காணிப்புக் குழு' பிறந்து, பெயர் சூட்டப்பட்டு, தலைவராக அவரே பொறுப்பேற்றும் விட்டார். பிறந்ததைத் திருப்பி அனுப்ப முடியுமா?

செவ்வாய்க்கிழமை ஒன்றரை வந்த ஆத்திரத்தில் டீச்சர் விளையாட்டுச் சாமான் அறைக்குப் போனார். பள்ளியின் ரவுட்டர் அங்கேதான், காற்றுப் போன கால்பந்துகளுக்கு மேலே ஒரு பலகையில் இருந்தது. மடிக்கணினியை அதில் மாட்டி, யார் யார் இணையத்தை இழுக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தார். முப்பத்தாறு ஃபோன்கள். முப்பத்தாறும் போய் நின்ற இடம் ஒன்றே ஒன்று. படம் பார்க்கிற தளம் இல்லை, பாட்டுக் கேட்கிற தளம் இல்லை. வேகத்தை அளக்கிற தளம்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதே முப்பத்தாறு.

நேரே ஆசிரியர் அறைக்கு நடந்தார். கணக்கு வாத்தியார் ஃபோனைக் கைநீளத்துக்குப் பிடித்து முறைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வரலாற்று டீச்சர் அதே கோலத்தில்.

"என்ன சார் பண்றீங்க?"

"டெஸ்ட் எடுக்கறேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்து, படம் பிடிச்சு குரூப்ல போடணுமில்ல. ஏழாவது சுற்றறிக்கை."

"ஒவ்வொருத்தருமா?"

"ஒவ்வொருத்தரும். அஞ்சுக்குக் கீழ வந்துச்சுன்னா மூணு தடவை எடுத்து சராசரி போடணும். எட்டாவது." கணக்கு வாத்தியாருக்கு அந்த எட்டாவதின் மேல் ஒரு பிரியம் இருந்தது, பள்ளியில் சராசரிக்கு மரியாதை கிடைத்த முதல் சுற்றறிக்கை அது.

"எனக்கு மட்டும் ஏன் வரல?"

"நீ குழுவுல இல்லையேம்மா" என்றார் வரலாற்று டீச்சர். "கம்ப்யூட்டர் டீச்சர் இருந்தா நடுநிலை இருக்காதுன்னு சொல்லிட்டார்."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு சோதனையும் கிடைக்கிற வேகம் மொத்தத்தையும் உறிஞ்சித்தான் அளக்கும். முப்பத்தாறு பேர் சேர்ந்து உறிஞ்சினால் மிஞ்சுவது ஒன்றரை. ஒன்றரை வந்ததும் ஆளுக்கு மூன்று தடவை அளப்பார்கள். அதனால் இன்னும் குறையும். குறைந்ததைத் தலைமையாசிரியர் பார்ப்பார், ஒன்பதாவது எழுதுவார்.

தலைமையாசிரியர் அறையில் அவர் இதைச் சிறுபிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். தலைமையாசிரியரும் சிறுபிள்ளையிடம் கேட்பது போல நிதானமாகக் கேட்டார்.

"அதாவது, ஜுரம் பாக்கறதாலதான் ஜுரம் வருதுங்கறீங்க."

"ஒரே வாயில முப்பத்தாறு தெர்மாமீட்டர் வெச்சா மூச்சு முட்டாதா சார்?"

"உதாரணம் நல்லா இருக்கு." அவர் அதைக் குறித்துக்கொண்டார். "ஆனா கண்காணிக்காம விட்டா இன்னும் குறையுமே டீச்சர். கண்காணிக்கும்போதே ஒன்றரைதான் வருது."

"நாளைக்கு ஒரு அரை மணி நேரம் மட்டும் நிறுத்திப் பாருங்க சார். வாரியம் அளக்கப் போற கடைசி நாள்."

"வாரியம் அளக்கற நேரத்துல நாம அளக்காம இருந்தா, அவங்க ஒரு எண் சொல்லுவாங்க, நம்ம கையில எண் இருக்காது. நிர்வாகம்னு ஒண்ணு இருக்கில்ல."

"அந்தத் தளத்தையாவது ரவுட்டர்ல அடைச்சுடறேன். மாத்தறதுக்கான பாஸ்வேர்டு உங்க பீரோவுல இருக்கு."

"அது குழு கூடித் தீர்மானிக்கணும்."

"எப்போ கூடும்?"

"வெள்ளிக்கிழமை."

அன்று மாலை வீட்டில் டீச்சரின் கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். தாமதத்துக்குக் காரணம் கேட்டுக் கேட்டு எந்தக் கதையையும் கடைசிவரை கேட்கிற பொறுமை வந்தவர். டீச்சர் சொல்லி முடித்ததும் கேட்டார்: "அவரு சொன்னாலும் ஃபோனைக் கீழ வெக்க மாட்டாங்களா?"

"அவரே சொல்ல மாட்டேங்கறாரே."

"எப்பவாவது எல்லாரும் ஒண்ணா கீழ வெச்சிருக்காங்களா?"

"அவர் மேடையில பேசும்போது வெப்பாங்க. ஒரு தடவை நடுவுல யாரோட ஃபோனோ அடிச்சிடுச்சு. அதுலருந்து அணைச்சு வாசல்ல கூடையில போட்டுட்டுத்தான் உள்ள போகணும்."

கணவர் கத்தியை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். மனைவி கணவரைப் பார்த்தார்.

"வேண்டாங்க" என்றார் டீச்சர். "எல்லாரும் என்னைக் கொன்னுடுவாங்க."

"நாப்பத்தொரு பேருக்கு பஸ்ஸுல இடம் போட நான் எங்க போவேன்?"

புதன்கிழமை எட்டரைக்கு டீச்சர் தலைமையாசிரியர் முன் நின்றார். தன் குரலில் இவ்வளவு குழைவு இருக்கும் என்று அவருக்கே தெரியாது. "சார், நேத்து நீங்க சொன்னதை யோசிச்சேன். ஆசிரியர்களுக்கு இந்த வேகம், கண்காணிப்பு எல்லாம் சரியாப் புரியல. நீங்க ஒரு உரை ஆத்தினா நல்லாயிருக்கும். பத்து மணிக்கே வெச்சுக்கலாம். எனக்கு மட்டும் ஆய்வகத்துல வாரியத்தோட வேலை."

தலைமையாசிரியர் மறுக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்தார். பதினான்கு பக்கம், ஏற்கெனவே எழுதித் தயாராக இருந்தது.

பத்து மணிக்கு அரங்க வாசலில் கூடை நிறைந்தது. கணக்கு வாத்தியார் தன் ஃபோனைக் குழந்தையைப் பள்ளியில் விடுவது போல விட்டுவிட்டுப் போனார். வகுப்புகள் அத்தனையையும் பி.டி. மாஸ்டர் ஒற்றை விசிலோடு கட்டி மேய்த்தார். ஆய்வகத்தில் டீச்சர் ரவுட்டர் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முப்பத்தாறு, இருபது, எட்டு, மூன்று. அரங்கத்திலிருந்து ஒலிபெருக்கி வழியே "ஒரே வாயில முப்பத்தாறு தெர்மாமீட்டர்" என்ற உதாரணம் கேட்டது; எதற்கு உதாரணம் என்று மட்டும் விளங்கவில்லை. மணி பத்து பத்துக்கு ஒன்று. அந்த ஒன்று போகவில்லை. டீச்சர் அளந்து பார்த்தார். முப்பத்தெட்டு.

நாற்பதுக்கு இரண்டு குறைவு. வாரியத்துக்கு ஐந்து நிமிடம்.

எந்த ஃபோன் என்று பார்த்தார். அலுவலகம். டீச்சர் செருப்பு வழுக்க வராந்தாவில் ஓடினார். அலுவலகத்தில் எழுத்தர் தனியாக உட்கார்ந்து ஃபோனை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க உரைக்குப் போகலையாண்ணே?"

"ஐயா என்னை மட்டும் இருக்கச் சொல்லிட்டாரும்மா. அவர் பேசறப்ப வேகம் எப்படி இருக்குன்னு விடாம எடுக்கணுமாம். அருமையா வருது, பாருங்க. அம்பதுக்கு மேல."

டீச்சர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். "குடுங்க, நீங்க சரியா எடுக்கறீங்களான்னு பாக்கறேன்."

"சரியாத்தாம்மா எடுக்கறேன்."

"பெரிய விஷயமில்லையாண்ணே? ஐயா பேரு இருக்கு இதுல."

எழுத்தர் உடனே கொடுத்தார். டீச்சர் வாங்கி, அணைத்து, கையோடு எடுத்துக்கொண்டே ஓடிவிட்டார். பின்னாலிருந்து, "அம்மா, அது என் சொந்த ஃபோனு" என்று குரல் வந்தது.

மணி பத்து பதினைந்து. திரையில் வாரியத்தின் கட்டம் தானாகத் திறந்து, ஒரு கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. தொண்ணூற்று மூன்று. 'மையம் உறுதி செய்யப்பட்டது.' டீச்சர் மேசையில் நெற்றியை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். பிறகுதான் அடுத்த வரியைப் படித்தார். தேர்வு மூன்று மணி நேரம். இடையில் வேகம் நாற்பதுக்குக் கீழே இறங்கினால் தேர்வு அங்கேயே நின்றுவிடும். குழுவோ சனிக்கிழமையும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளக்கப் போகிறது.

உரை பதினொன்றே காலுக்கு முடிந்தது. ஆசிரியர்கள் கூடையைத் துழாவிக்கொண்டு வெளியே வந்தார்கள். வரலாற்று டீச்சர் தூணைப் பிடித்து நின்று கொட்டாவி விட்டார். தலைமையாசிரியர் வியர்வையைத் துடைத்தபடி வந்து கேட்டார்: "எவ்வளவு வந்துச்சு?"

"தொண்ணூத்தி மூணு சார்."

அவர் தலையசைத்தார். அவ்வளவுதான் வரும் என்று முன்பே தெரிந்தவர் போல. "நேத்து நீங்க என்னமோ கண்காணிப்பை நிறுத்தணும்னீங்களே."

தூணருகே கணக்கு வாத்தியார் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். டீச்சர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"சார், சனிக்கிழமை தேர்வு நேரத்துலயும் ஆசிரியர்களுக்கு ஒரு சிறப்புரை இருந்தா நல்லாயிருக்கும். இன்னைக்கு விட்டுப்போனது எல்லாம் இருக்கும்ல. எழுத்தர் அண்ணனும் கேட்கணும்னு ஆசைப்படறார்."

"எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம்."

தூணருகே யாரோ இருமினார்கள். தலைமையாசிரியர் பதினான்கு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் முதல் முறையாக ஒரு கவலை தெரிந்தது.

"போதுமா டீச்சர்?" என்றார்.