மூன்றாவது கடைக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை

“இதுல ருசியப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே,” என்றாள் என் மனைவி. அவள் கையில் நான் இரண்டு நாளாக உட்கார்ந்து தயாரித்த பட்டியல். சனிக்கிழமை கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் வருகிறார்கள்; காலையிலிருந்து மாலை வரை ஊரைச் சுற்றிச் சுற்றித் தின்பதாக ஏற்பாடு. அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, செய்தி வாசிப்பவளைப் போலப் படித்தாள். “முதல் கடை, ரொட்டி. தரையில் விரிசல் இல்லை. வடிகாலுக்கு மூடி உண்டு. இரண்டாவது கடை, வறுத்த மீன். எலிப்பொறி மூன்று, மூன்றும் வேலை செய்கின்றன. ஏங்க, இதப் படிச்சா பசி வருமா, வாந்தி வருமா?”

குற்றம் என்னுடையது அல்ல, தொழிலுடையது. இருபத்தோரு வருடமாக இந்த நகரத்தில் நான் உணவு ஆய்வாளர். கடைக்குள் நுழைவேன், முகர்வேன், மாதிரி எடுத்துப் பாட்டிலில் அடைப்பேன், தேவைப்பட்டால் கடைக்குச் சீல் வைப்பேன். தின்றதில்லை. மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து டப்பாவில் வரும். அதையும் அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு, கைதி மாதிரி தின்பேன். நண்பர்களுக்கு இதெல்லாம் தெரியாது. எங்களில் உயரமானவன், ஒட்டகம் என்று பெயர், குரல் செய்தி அனுப்பியிருந்தான்: “டேய், அந்த ஊர்ச் சாப்பாடு மொத்தமும் உன் கன்ட்ரோல்தானே! ராஜா மாதிரி கூட்டிட்டுப் போவான்னு வீட்ல சொல்லி வெச்சிருக்கேன். மானத்த வாங்கிடாத.” ராஜா என்று நான் எப்போது சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். வருடா வருடம் சொல்லியிருக்கிறேன்.

“மூணாவது கடைக்கு எதிர்ல ஒண்ணுமே காணோம். சூப்புன்னு மட்டும் இருக்கு.”

“எழுதணும்.”

“நீங்க சீல் வெச்ச கடைதானே அது?”

“ஆறே வாரம்தான்.”

“ஆறே வாரமாம்!” பட்டியலை மடித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். “புதன்கிழமை லீவு போடுங்க, ஒத்திகை பாத்துடலாம். நாலு பேர் முன்னாடி அசிங்கப்படறதுக்கு என் முன்னாடி படுங்க. எனக்குப் பழகிப் போச்சு.”

புதன்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி நான் வழிகாட்ட, அவள் குடையோடு பின்னால் வந்தாள். என் தோளில் வழக்கமான பை. லீவு நாளில் அது எதற்கு என்று கேட்டாள். அது இல்லாவிட்டால் நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பேன் என்று சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டாள். “என்ன தெருங்க இது? ஒரே குப்பைத் தொட்டியா இருக்கு.” நான் வரைந்திருந்த வழியைப் பார்த்தேன். அத்தனையும் பின்சந்துகள். சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்குப் போகிறவன் பின்கதவு வழியாகத்தான் நுழைவான். இந்தக் கடைகளுக்கெல்லாம் முகப்பு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. இருபத்தோரு வருடமாக நகரத்தின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரொட்டிக் கடையின் பின்கதவைத் தள்ளியதும் உள்ளே ஐந்து பேர் ஒரே நேரத்தில் தொப்பி மாட்டினார்கள். ஒருவன் மாவுக் கையோடு விறைப்பாக நின்றான். நான் சிரித்துக் காட்டினேன். அது அவர்களை இன்னும் பயமுறுத்தியது. “சாப்பிடத்தான் வந்தோம்,” என்றேன். “சாப்பிட்டுட்டு எழுதுவீங்களா, எழுதிட்டு சாப்பிடுவீங்களா சார்?” என்றான் அடுப்புக்காரன். உட்காரச் சொல்ல ஆளில்லை. மீன் வறுப்பவன் அவ்வளவு பேச்சுக்கூட வைத்துக்கொள்ளவில்லை. “யார் புகார் குடுத்தது? பக்கத்துக் கடைக்காரனா?” என்று கேட்டுக்கொண்டே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டான். மீதிப் பாதி வழியாக அவனுடைய கால்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன.

“ராஜா ஊர்வலம் நல்லாத்தான் போவுது,” என்றாள் என் மனைவி.

மூன்றாவது கடைக்கு மட்டும் தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனோம். ஆறு மேசை, ஆள் இல்லை. எதிர்க் கடையில் நல்ல கூட்டம். கடைக்காரியை எல்லோரும் அக்கா என்பார்கள். கையில் அகப்பையோடு வந்து, சாப்பாட்டில் கிடந்த முடியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

“என்ன, மறுபடியுமா?”

“இல்லக்கா. சனிக்கிழமை சிநேகிதங்க நாலு பேர் வர்றாங்க. இங்க சாப்பிடலாம்னு...”

“இங்கயா? இது கிருமிக் கடைங்க. எட்டு வருஷம் ஆச்சு, தெருவுல இன்னும் அதான் பேரு. டாக்ஸிக்காரன்கிட்ட கிருமிக் கடைன்னு சொல்லுங்க, கண்ண மூடிட்டுக் கொண்டாந்து விடுவான்.”

நண்பர்களின் கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்து, சிரிப்பும் சத்தமுமாக ஒரு கிண்ணம் குடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அதற்காகத்தான் இந்தக் கடையைப் பட்டியலில் சேர்த்தேன். ஆனால் இப்போது கூட்டமும் இல்லை, சத்தமும் இல்லை. அடுப்பில் சூப் கொதிக்கிற சத்தம்தான் கேட்டது. எட்டு வருடத்துக்கு முன்னால் அதே வாசனையில்தான் பத்தரை மணிக்குப் பாட்டிலை நிரப்பினேன்.

“அக்கா, அன்னைக்கு உங்க சூப்புல ஒண்ணும் இல்ல,” என்றேன்.

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். ஆரம்பித்தாகிவிட்டது, சொல்லி முடித்தேன். மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து நேராக ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். வண்டியின் டிக்கியில் வெறும் பையோடு வைத்து, வெயிலில் நிறுத்திவிட்டு வேறு வேலையாகப் போனேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது இரண்டரை. உண்மையான நேரத்தை எழுதினால் திருப்பி அனுப்புவார்கள் என்று, படிவத்தில் எடுத்த நேரம் இரண்டு மணி என்று எழுதினேன். கிருமி இருந்தது வாஸ்தவம். அதை வளர்த்தது நான்.

“நாலு மணி நேரம்,” என்றாள் அக்கா. “என்ன வேலையாப் போனீங்க?”

“பொண்ணுக்கு ஸ்கூல்ல காய்ச்சல்னு...”

“நான்தான் போன் பண்ணிக் கத்துனேன்,” என்றாள் என் மனைவி. காலையிலிருந்து முதல்முறையாக அவள் குரல் தணிந்திருந்தது.

“காய்ச்சல் சரியாப் போச்சா?”

“போயிடுச்சு.”

“நல்லது.” கதவைத் தாழ்போடுகிற மாதிரியான நல்லது. “எங்கூட பதினோரு வருஷம் வேலை செஞ்சவ அந்த ஆறு வாரத்துல எதிர்க் கடைக்குப் போயிட்டா. ‘அக்கா கை கழுவறத நான் பாத்திருக்கேன்’னு ஒருத்தர்கிட்டயாவது சொல்லுவான்னு பாத்தேன். சொல்லல. அவளச் சொல்லி என்ன, நானே நம்பிட்டேன். தங்கச்சி குழந்தையத் தூக்கறதையே விட்டுட்டேன். தூக்குன்னு அது கைய நீட்டும். நான் ரூம விட்டுப் போயிடுவேன்.”

“எழுதிக் குடுத்துடறேன்க்கா. ஆபீஸ் தாள்லயே, என் தப்புன்னு. வாசல்ல ஒட்டிக்கலாம்.”

“எட்டு வருஷம் கழிச்சு ஒட்டுனா சனங்க என்ன படிப்பாங்க? கிருமிங்கற எழுத்த மட்டும் படிப்பாங்க.” என் தோளைப் பார்த்தாள். “அந்தப் பையில பாட்டில் இருக்கா?”

இருந்தது. வாங்கினாள். வெந்நீரில் கழுவி, அடுப்பிலிருந்த சூப்பை மொண்டு கழுத்துவரை ஊற்றி, மூடியை இறுக்கித் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

“நாலு மணி நேரம் வெயில்ல வெச்சிருந்துட்டுக் குடிங்க. அப்புறம் சனிக்கிழமையப் பத்திப் பேசலாம்.”

பஸ் நிறுத்தத்துக்குக் கூரை இல்லை. பெஞ்சு சுட்டது. பாட்டிலை எனக்கும் மனைவிக்கும் நடுவில் வைத்தேன்; கையில் பிடிக்க முடியாத சூடு. குடித்துவிடுவது என்று நான் அதற்குள் முடிவு செய்திருந்தேன். அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். “லூசாங்க நீங்க?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “மணி என்ன?” என்றாள்.

“பதினொண்ணே முக்கால்.”

பஸ் ஒன்று வந்து நின்றது. இருவரும் ஏறவில்லை. சூப்பின் மேல் மெல்லிய எண்ணெய் வளையம் ஒன்று மிதந்தது. ஒட்டகம் மறுபடியும் குரல் செய்தி அனுப்பியிருந்தான்; திறக்கவில்லை. தெருவின் கோடியில் அக்கா கடை வாசலில் நின்று, இந்தப் பக்கம் பார்ப்பதும் உள்ளே போவதுமாக இருந்தாள். என் மனைவி அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தன் தலைக்கு மேல் இருந்த குடையை மெதுவாகச் சாய்த்தாள். அவள் முகத்தில் வெயில் விழுந்தது. நிழல் நகர்ந்து வந்து பாட்டிலின் மேல் நின்றது.