முகம் வந்தால் குரல் வராது

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளுக்குப் போய்விட்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டால், மெசஞ்சர் என்னை உள்ளே விடமாட்டேன் என்றது. புதிதாக ஒன்று வந்திருக்கிறதாம், அதை ஏற்றினால்தான் இனிமேல் பேச்சாம். சரி, ஏறித் தொலை என்று அழுத்தினேன். என் மாமியார் சிலுவையம்மாள் நெத்திலியை ஆய்ந்து, கழுவி, குழம்பு கூட்டி இறக்கும்வரை அது இறங்கிக்கொண்டே இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு ஒரு சின்னப் பெட்டி வந்து, இந்த விண்டோஸ் பழசு, எனக்கு ஆகாது என்றது. இதை முதலிலேயே சொல்ல என்ன கேடு?

தம்புச்செட்டித் தெருவில் ஏதோ ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் அது. ஹார்பரில் வேலை பார்க்கும் ஹென்றி சித்தப்பா அதை மீன்பாடி வண்டியில் ஏற்றி ராயபுரத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார். என் கணவர் அலெக்ஸாண்டருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. கப்பல் கரை தட்டினால் அந்த ஊர் மாலுமிகள் கிளப்பில் உட்கார்ந்து எழுத்தில் பேசுவார். சில நேரம் கார்டு போட்டுப் போனும் செய்வார். அதில் முக்கால்வாசியை அத்தை பேசிவிடுவார், எனக்குக் கிடைப்பது "வெச்சிரட்டா ஜூடி"தான். கல்யாணமான பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட அவர் இங்கே இல்லை. கேக்கை அத்தையும் நானும்தான் வெட்டுகிறோம்.

இந்த முறை ஹென்றி சித்தப்பா ஹார்பரில், கப்பல்களை இழுத்து வரும் டக் போட்டில், ஒரு வேலை பேசி வைத்திருந்தார். காலையில் போனால் மாலையில் வீட்டுக்கு வரலாம். கப்பல் கம்பெனியோ அடுத்த கான்ட்ராக்டுக்குக் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டில் எது என்று போனில் கேட்டால் "பாக்கலாம் ஜூடி" என்பார். அந்தப் பாக்கலாமைக் காதில் வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் துணி துவைப்பது? அவருக்கு வாய்தான் சமர்த்து, முகம் சமர்த்து இல்லை. முகத்தைப் பார்த்துவிட்டால் எனக்குத் தெரிந்துவிடும். புது மெசஞ்சரில் கேமரா வழியாக முகம் வரும் என்று ரோஷன் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ரோஷன் கல்மண்டபத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர். அங்கேயே போய்ப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் அங்கே ஒரு தடுப்புக்கு அந்தப் பக்கம் எந்தப் பையன் இருக்கிறான் என்று தெரியாது. புருஷனிடம் சண்டை போடவோ அழவோ அது இடமில்லை. இரண்டில் ஒன்றாவது நடக்கும் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

"இதுல புது விண்டோஸு, எக்ஸ்பி, போட்டா ஏறும்க்கா. ஆனா நடக்காது, தவழும்" என்றார் ரோஷன்.

"தவழட்டும். போடுங்க."

ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது ரோஷன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பெட்டியின் மூடியைக் கழற்றியதும் உள்ளே கறுப்பாகத் துறைமுகத்து நிலக்கரித்தூள் படிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் கொடியில் காயும் வெள்ளைச் சட்டைக்கும் அதே கதிதான். "இன்னாக்கா, ஹார்பரே உள்ள கீது" என்று பிரஷ்ஷால் தட்டினார். வேறு ஏதோ மிஷினிலிருந்து கழற்றிய மெமரியை இதில் சொருகி, எக்ஸ்பியை ஏற்றினார். திரையில் பச்சைப் புல்வெளியும் நீல வானமும் வந்தன. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அத்தை மட்டும் மூக்கைச் சுளித்தார். "அவ்ளோ நேரம் வந்து, கடைசில புல்லு காட்டுது" என்றார்.

மறுநாளிலிருந்து பேஜார். போட்ட கொஞ்ச நேரத்தில் பொட்டென்று அணைந்துவிடும். ரோஷன் வந்து மெமரியை மாற்றினார், ஒயரை மாற்றினார். அவர் எதிரில் ஒழுங்காக ஓடும், அவர் தெருமுனை திரும்பினால் அணையும். கடைசியில் ஒரு நாள் சொல்லாமல் வந்து நின்றவர் தலையில் அடித்துக்கொண்டார். கம்ப்யூட்டருக்கு அத்தை உறை தைத்திருந்தார். மாதா தேருக்கு அங்கி தைத்ததில் மிஞ்சிய நீல சாட்டின், ஓரத்தில் ஜரிகை வேறு. திரை தெரிவதற்காக முன்பக்கத்தை மட்டும் முக்காடு போலத் தூக்கிவிட்டு நாங்கள் வேலை பார்ப்போம். கரித்தூள் உள்ளே போகாமல் இருக்கத்தான். வெளியாள் வந்தால் மட்டும், நல்ல துணி அழுக்காகும் என்று அத்தை அதைக் கழற்றி மடித்து வைத்துவிடுவார்.

"மூச்சு முட்டுதும்மா அதுக்கு. பழைய விண்டோஸ் இருந்தப்ப எப்பவாச்சும்தான் ஓடிச்சி, தாங்கிக்கிச்சி. இது உள்ள நெருப்பா கொதிக்குது."

"மாதா துணிடா தம்பி அது. கெட்டது பண்ணுமா?" என்று கேட்டாலும், அத்தை அன்றே உறையை எடுத்துவிட்டு, தன் டேபிள் ஃபேனைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு அந்த நேரத்தில் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நாங்கள் கட்டிக்கொள்கிற மாமியார் மருமகள் இல்லை என்பதால் டீ போட்டுக் கொடுத்தேன்.

கப்பல் ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்கு வந்தது. நமக்குச் சாயங்காலம், அவர்களுக்கு மதியம். கிளப் கம்ப்யூட்டரில் கேமரா இருக்கிறது என்று எழுதியிருந்தார். எங்கள் பக்கம் கேமரா கிடையாது, இருந்தாலும் இந்த மிஷின் தாங்காது. ஆகவே நான் அவரைப் பார்ப்பேன், அவருக்கு என் எழுத்துதான். நான் பூப்போட்ட ரோஸ் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்று அத்தை கேட்கவில்லை, அவரும் நல்ல புடவையில்தான் இருந்தார்.

திரையில் ஒரு சின்னப் பெட்டி திறந்து முகம் வந்தது. சிரிக்க வாய் திறந்திருந்தது. ஸ்பீக்கரில் "ஜூ" என்று பாதிப் பெயர் கேட்டது. அவ்வளவுதான், வாய் திறந்தபடியே எல்லாம் நின்றுவிட்டது. அணைத்துப் போட்டேன். அது எழுந்திருப்பதற்குள் ரோஷனுக்குப் போன் செய்தேன்.

"ரெண்டும் ஒண்ணா இழுக்காதுக்கா. மூஞ்சி வந்தா கொரல் வராது. கொரல் வந்தா மூஞ்சி வராது. எது வேணும் பாத்துக்க."

யோசிக்க என்ன இருக்கிறது? குரலை அணைத்துவிட்டு முகத்தை வரவழைத்தேன்.

கன்னம் ஒட்டி, தாடி வைத்திருந்தார். படம் ஓடவில்லை. ஒரு படம் நிற்கும், வெகுநேரம் கழித்து அது போய் இன்னொன்று வரும். "இன்னாடா அலெக்ஸு, சோறே போட மாட்டானுங்களா? தாடி இன்னாத்துக்கு?" என்று அத்தை திரைக்கு நேராகக் கத்தினார்.

"அத்தே, அவருக்குக் கேக்காது."

"கேக்காட்டி போவுது. நான் பேச வேணாமா?"

பேசினார். ஊர்க்கதை எல்லாம் பேசினார். அதை நான் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அடித்து அனுப்பினேன். கம்ப்யூட்டருக்கு மாதா அங்கி போட்ட கதையையும் அனுப்பினேன். பிறகு அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்ற உள்ளே போனார். எனக்காகத்தான் போனார் என்று நினைக்கிறேன்.

எழுத்து உடனே வந்தது, படம்தான் பின்தங்கி வந்தது. முதலில் சாப்பிட்டீங்களா என்று நான் கேட்டு, சாப்பிட்டேன் என்று பதிலும் வந்து, அதற்கும் பிறகுதான் என் கேள்வியைப் படிக்கிற முகம் வந்தது. என்ன பதில் வந்தாலும் அதை அடித்த முகம் பின்னால் வந்தே தீரும். கேட்டுவிட்டேன். கோபம் வந்தால் என் 'நீங்க' 'நீ'யாகிவிடும்.

"டக் வேலைக்கு வேற ஆள் எடுத்துடுவாங்க. நீ வர்றியா, இல்லியா? நெஜத்த சொல்லு."

"வரேன் ஜூடி."

பெட்டியில் இருந்தது அதற்கு முந்தின முகம். மாதா அங்கிக் கதையைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பையும் இந்த வரேனையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்தேதான். அதை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது.

படம் மாறியது. குனிந்து படிக்கிற முகம், சிரிப்பு இல்லை. மறுபடி மாறியது. கண்ணை மூடி, மூக்கின் மேட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முந்தின வாரம், லீவு பாதியாகிவிட்டது என்று சொல்ல வந்து, என் அப்பா எதிரில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அப்படியானால் கப்பல் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. வரேன் என்று அடித்துவிட்டு அங்கே இப்படி உட்கார்ந்திருப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதே அவருக்கு மறந்திருக்க வேண்டும்.

பொய் என்று அடித்தேன். அனுப்பாமல் அழித்தேன். கோபம் வராமல் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் அந்த இரண்டு விரலையும் பிடித்து எடுத்துவிட வேண்டும் போலிருந்தது. கண்ணாடியைத் தொட்டேன், சூடாக இருந்தது.

"இருக்கியா?" என்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "லைன் போச்சா?" அப்புறம், "மிஷின் ஸ்லோவா ஜூடி?"

ஸ்லோ என்றே நினைத்துக்கொள்ளட்டும். பதில் போட்டால் முகத்தைத் துடைத்துச் சரிசெய்துகொள்வார், நாலு வார்த்தை சமாதானம் சொல்லுவார், கிளப்பில் அடுத்த ஆள் நிற்கிறான் என்று எழுந்துவிடுவார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். டேபிள் ஃபேன் கம்ப்யூட்டருக்கு வீசிக்கொண்டிருந்தது. உள்ளே அத்தை அருள் நிறைந்த மரியே சொல்லும் சத்தம் கேட்டது.

படம் மாறியது. என் எழுத்து வருகிறதா என்று பார்க்க அவர் திரைமேல் குனிந்திருந்தார். பெட்டி முழுக்க நெற்றியும் கண்களும்தான், அவ்வளவு கிட்டத்தில்.